பழைய ரேட் கேட்டு வருகிறவர்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சின்ன முதலாளி போன் செய்து கேட்டார். கள்ள நோட்டைப் பிடிப்பது எப்படி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதற்கு இப்போது மெஷின் இருக்கிறது. உங்களையும் என்னையும் விடக் கெட்டிக்கார மெஷின். நோட்டை நீட்டுகிற ஆளைப் பார்க்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை. அதனால் நான் ஆட்களைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மலாக்கா டவுனில் இந்தப் பணமாற்றுக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள். சந்தேகப்பிராணி என்று பெயர். பாச்சாங்கில் என் வீட்டுக்கு காஸ் கொண்டுவருகிறவர்கூட, நான் வாசலில் நின்றால் சீல் உடையாமல் இருப்பதைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் சிலிண்டரை இறக்குவார். இதில் எனக்கு வெட்கம் கிடையாது. நம்பிக் கொடுத்து ஏமாந்தால் மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பார்கள். நம்பாமல் இருந்ததற்காக என்னிடம் யாரும் எதையும் பிடித்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

கள்ள நோட்டுக்காரனைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது பழைய ரேட் கேட்டு வருகிறவரை. இன்றைய ரேட்டைக் கேட்பவருக்குப் பணம் வேண்டும். போன வருடத்து ரேட்டைக் கேட்பவருக்கு ஓர் ஆள் வேண்டும். யார் மேலோ பழி போட எல்லாம் தயாராக வைத்திருப்பார், ஓர் எண் மட்டும் குறையும். அதை வாங்கத்தான் நம்மிடம் வருகிறார்.

செர்காமிலிருந்து ஓர் அம்மா வந்தார். பதினொரு மாதத்து ரூபாய் ரேட் வேண்டுமாம், ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி என்ன ரேட் என்று. எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்றார். சும்மா யாராவது பதினொரு ஏழாம் தேதிகளைக் கேட்பார்களா? நானும் அசட்டுத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். அவருடைய கணவர் ஊரிலிருக்கும் தம்பிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். தம்பிக்குக் கிடைத்த ரூபாயை எப்படியோ தெரிந்துகொண்டு, இங்கிருந்து எத்தனை மலேசிய வெள்ளி போயிருக்கும் என்று கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறார். கண்டுபிடித்தும் விட்டார். அடுத்த வாரம் அந்தக் கணவர் வந்து என்னோடு சண்டை போட்டார். வீட்டில் சோறு கிடைக்கவில்லையாம்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

உங்கள் போனைத் தட்டினால் பத்து வருடத்து ரேட்டும் ஒரு கோடாக வந்து நிற்கும். அந்தக் கோட்டில் இருக்கிற ரேட்டை எந்தக் கடையும் யாருக்கும் கொடுத்ததில்லை. அது பேங்குக்கும் பேங்குக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. நமக்கு ரேட் என்பது நூறு ரூபாய்க்கு எத்தனை வெள்ளி என்று முதலாளி பலகையில் எழுதுவதுதான். அதை நான் நாள் தவறாமல் நோட்டில் குறித்து வைத்தேன். கடை மூடும்போது பலகையில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தினேஷ் என்று ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, கையில் ஃபைல். மெர்லிமாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் கமிட்டியில் செயலாளர் என்று சொன்னார்.

"ஆன்டி, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு டேட்டுக்கு ரூபீஸ் ரேட் வேணும். ஆன்லைன்ல பாத்துட்டேன். ஆனா அது உண்மையான ரேட் இல்லல்ல? கடை ரேட் வேறயா இருக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. போன் ரேட்டை நம்பாத ஓர் இளைஞரை அன்றுதான் பார்க்கிறேன். இருந்தாலும் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி?"

"கோயில் ஆடிட்லா, ஆன்டி. பழைய செலவெல்லாம் சும்மா செக் பண்றோம்."

மறுபடியும் ஒரு சும்மா. ஆனால் என் கை நோட்டை எடுத்துவிட்டது. அவர் சொன்ன தேதியைத் தேடி, நூறு ரூபாய்க்கு ஐந்து வெள்ளி எண்பத்தெட்டு காசு என்று வாசித்துக் காட்டினேன். ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றார். கடைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை இருந்தால் நல்லது என்றார். முத்திரையும் குத்தினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்டி, உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் கடைக்குள் வந்தார். பணமாற்றுக் கடைக்குள் ஹெல்மெட்டோடு நுழைகிறவரைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். என் விரல் மேசைக்கு அடியிலிருக்கும் மணியின் மேல் போய்விட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டு அவசரமாகக் கழற்றினார். ஐம்பது தாண்டிய மனிதர், வெயிலில் காய்ந்த முகம். என் கண்ணைப் பார்க்காமல் கவுண்டரைப் பார்த்தே பேசினார். பெயர் அர்ச்சுனன், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன், அந்த மாரியம்மன் கோயிலுக்குப் பதினாலு வருடமாகப் பொருளாளர் என்றார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

லாமினேட் செய்த சீட்டு. உள்ளே முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்து தெரியவில்லை.

"உங்க கடைச் சீட்டுக்கா. பத்திரமா இருக்கட்டும்னு மெர்லிமாவுல லாமினேட் பண்ணக் குடுத்தேன். மெஷின் சூட்டுல உள்ள போகும்போதே கறுத்துப் போச்சு."

அந்தக் கோயிலில் அவர்கள் எல்லாவற்றையும் லாமினேட் செய்வார்கள் என்று பிறகு நேரில் பார்த்தேன். பூஜை நேரம், நன்கொடை கொடுத்தவர் பட்டியல், செருப்பை இங்கே விடவும், எல்லாமே. நல்ல காகிதம் என்றால் மழையும் கரையானும் தொடாமல் பிளாஸ்டிக்குக்குள் போட வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். நம் கடைச் சீட்டு சூடு பட்டால் கறுக்கிற காகிதம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்று நான் அப்படி யோசிக்கவில்லை. ரசீதைக் கறுப்பாக்கிக் கொண்டுவந்து நகல் கேட்கிறான் என்றுதான் யோசித்தேன்.

விஷயத்தைக் கேட்டேன். திக்கித் திக்கிச் சொன்னார். கோயிலுக்கு வெண்கல அம்மன் சிலை செய்யத் தமிழ்நாட்டில் ஒரு சிற்பியிடம் கொடுத்திருந்தார்கள். கடைசித் தவணையாக அன்றைய கமிட்டி இவர் கையில் ஆறாயிரம் வெள்ளி கொடுத்தது. இவர் நம் கடைக்கு வந்து அனுப்பினார். நூறு ரூபாய்க்கு ஆறு வெள்ளி ரேட், சரியாக ஒரு லட்சம் ரூபாய் போனது. சிற்பியும் ஒரு லட்சம் கிடைத்தது என்கிறார். சிலையும் வந்துவிட்டது. இப்போது புதுக் கமிட்டி, அன்றைக்கு ரேட் ஆறு வெள்ளி இல்லை, ஐந்து எண்பத்தெட்டுதான் என்று கடை முத்திரையோடு ஒரு தாளைக் காட்டுகிறது. அந்த ரேட்டில் ஒரு லட்சத்துக்கு ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது வெள்ளி போதுமே, மிச்சம் நூற்றிருபது வெள்ளி எங்கே என்று கேட்கிறது.

"நூத்தி இருவது வெள்ளிக்கா இந்தப் பேச்சு?" என்றேன்.

"காசுக்கு இல்லக்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாலயும் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். மாட்டேன்னா திருடன்னு அர்த்தமாம். பால்குடத்துக்கு மஞ்சத் துணி கட்டித் தர்றது வருசா வருசம் என் சம்சாரம்தான். இந்தத் தடவ வேணாம், நீ தொடாதன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா அவ சாப்பிடல."

எனக்கு இன்னும் மூக்கு வியர்த்தது. தப்பு செய்யாதவன் சத்தியம் செய்ய ஏன் பயப்பட வேண்டும்? அடையாள அட்டையான ஐசியை வாங்கி அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினேன். கிடைத்தது. ஒரு லட்சம் ரூபாய், ரேட் ஐந்து எண்பத்தெட்டு. வாங்கிய பணம் ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது வெள்ளி. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"கமிட்டி எவ்வளவு குடுத்தாங்கன்னு சொன்னீங்க?"

"ஆறாயிரம்."

"இங்க பாருங்க. நீங்க கட்டினது ஐயாயிரத்து எண்ணூத்தி எண்பது."

அவர் கத்துவார், கம்ப்யூட்டர் தப்பு என்பார் என்று காத்திருந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு. அதை மறைக்கக்கூட நான் முயற்சி செய்யவில்லை என்பதை இன்று எழுதும்போது கூசுகிறது. கறுத்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் மெதுவாக ஒன்று சொன்னார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமக்கா. பலகை சுவரப் பாத்து இருந்துச்சு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

இது உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். இப்போது கடையில் விளக்குப் பலகை ஓடுகிறது. அப்போது இருந்தது மரப்பலகை. பெரிய முதலாளி தொழுகையில் கண்டிப்பானவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் பலகையை அவரே சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். கம்ப்யூட்டரைத் தன் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவார். இரும்புக் கதவு பாதிக்கு இறங்கும். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது. திரும்பி வந்து நாலு இடத்துக்குப் போன் பேசி, புது ரேட் எழுதி, பலகையைத் திருப்புவார். ஆக, மற்ற நாளைக்கு ஒரு ரேட் என்றால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு. என் நோட்டில் இருப்பது மாலை ரேட் மட்டும்.

பலகை சுவரைப் பார்த்திருந்ததை வாடிக்கையாளர் யாரும் பார்த்திருக்க முடியாது, நான் உள்ளே விட்டிருந்தாலொழிய. பொய் சொல்ல வருகிறவனுக்கு இந்த மாதிரி ஒரு விவரம் கிடைக்காது. நோட்டை மறுபடி எடுத்தேன். அந்தத் தேதிக்கு நேரே ஐந்து எண்பத்தெட்டு என்று என் கையெழுத்து. அதே வரியின் கடைசியில், ஓரத்தில், சின்னதாக இன்னொன்றும் இருந்தது. "கல்லாவில் கூடுதல் 120."

செவ்வாய்க்கிழமை தினேஷுக்கு வாசித்துக் காட்டியபோது என் கண் அந்த ஓரத்துக்குப் போகவில்லை.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நல்ல மழை. பாதிக் கதவுக்கு அடியில் குனிந்து ஒருவர் கூப்பிட்டார். தோட்டத்தில் அரை நாள்தான் லீவு, மூணு மணிக்குள் திரும்ப வேண்டும், கோயில் காசு, கையில் வைத்துக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது என்றார். கோயில் காசு என்றதும் நான் இளகிவிட்டேன். சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்துபோய்க் கதவைத் தூக்கிவிட்டேன். காலை ரேட் ஆறு வெள்ளி என்பது தெரியும். ஆறாயிரத்தை வாங்கிக்கொண்டு, ஒரு லட்சம் போய்ச் சேரும் என்று பக்கத்திலிருந்த சின்ன மெஷினில் சீட்டு அடித்துக் கொடுத்தேன். முதலாளி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது ரூபாய் இறங்கி, ரேட் மாறிவிட்டிருந்தது. வாசலில் கூட்டம். ஒரு லட்சம் என்று அடித்தேன், கம்ப்யூட்டர் அதற்கு ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது போதும் என்று எடுத்துக்கொண்டது. நான் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். மிச்ச நூற்றிருபது கல்லாவிலேயே கிடந்தது.

மாலையில் கூடுதல் என்று தெரிந்தது. கடை வழக்கப்படி ஒரு கவரில் போட்டு வைத்தோம். ஒரு மாதத்தில் யாரும் கேட்டு வரவில்லை என்றால் கடைப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்குப் போகும். போயிற்று. அந்தக் காசில் எல்லோருமாக ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டோம். நான் இரண்டு சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளே, இதை மட்டும் மனசில் வையுங்கள். நூற்றிருபது வெள்ளி குறைந்திருந்தால் அன்று ராத்திரிக்குள் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பேன். வந்துபோன ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பேன். கூடியிருந்தபோது ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கூடுதல் காசும் யாரோ ஒருவருடைய குறைச்சல்தான் என்பது அத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பழைய ரேட் கேட்டு யார் வந்தாலும் எந்த நாள் என்பதோடு விடாதீர்கள், எந்த நேரம் என்றும் கேளுங்கள். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் முத்திரை குத்திக் கொடுக்காதீர்கள்.

உண்மை தெரிந்ததும் நான் எழுந்து ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லவில்லை. பயந்தேன். பூட்டிய நேரத்தில் வியாபாரம் செய்தது பெரிய குற்றம். பத்து வெள்ளி விவகாரத்துக்கு ஒருவரை முதலாளி அன்றே வீட்டுக்கு அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் மூன்று வருடம் வேண்டியிருந்தது, வீட்டுக் கடன் முடிய. கம்ப்யூட்டரில் இருப்பதுதான் கணக்கு என்று வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு டிராக்டர் ஓட்டுநர் பொருளாளர் பதவியை இழப்பார். உலகம் நின்றுவிடாது. அன்று மாலை கடை மூடும்வரை இப்படித்தான் யோசித்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளாகச் சாப்பிடாத அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத பெண். அவள் திருடன் பெண்டாட்டி என்று பெயர் வாங்கியது என் முத்திரையால். சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, முதலாளி பலகையைத் திருப்புவதற்கு முன்னால் போய்ச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் பார்த்தார்.

"கூடுதல்னு நீயே எழுதி வச்சிருக்க."

"ஆமா முதலாளி."

"இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கு, தங்கமணி?"

அவர் தன் பையிலிருந்து நூற்றிருபது வெள்ளி எடுத்துக் கொடுத்தார். நடந்ததை எழுதிக் கடை சார்பில் ஒரு கடிதம் தருகிறீர்களா என்று கேட்டேன்.

"கடுதாசி ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு, உன் கையெழுத்தோட. அத நம்பித்தான் இவ்வளவும். நீயே நேர்ல போ. மத்தத அப்புறம் பேசுவோம்."

மகன் காரில் கொண்டுபோய்விட்டான். கோயிலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. அர்ச்சுனன் தூணோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை, திகைப்புதான் வந்தது. பெண்கள் பக்கம் யாரும் பக்கத்தில் உட்காராமல் தனியாக ஒருவர் இருந்தார். அவர்தான் அந்த அம்மா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, மழை, பூட்டிய கம்ப்யூட்டர், கல்லாவில் கூடிய காசு, ரொட்டி சானாய் உட்பட. நோட்டைக் காட்டினேன். நூற்றிருபது வெள்ளியைத் தட்டில் வைத்தேன். தினேஷ் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதே மரியாதை, அதே மெல்லிய குரல்.

"ஆன்டி, கோவிச்சிக்காதீங்க. நீங்க சொல்றது கரெக்டா இருக்கலாம். ஆனா கம்ப்யூட்டர்ல வேற இருக்கு. இந்த நோட்டு நீங்க எழுதினது. நேத்து ராத்திரிகூட எழுதியிருக்கலாம்லா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறு நிமிடமே அடங்கியது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ரெண்டு பேரும் பேசி வச்சிட்டு வந்திருக்காங்க என்று பின்னால் யாரோ சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. நாற்பது ஜோடிக் கண்கள் என் மேல். நான் யாரையெல்லாம் அப்படிப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க அங்கே நேரமில்லை.

"கொளுத்துங்க" என்றேன்.

கொளுத்தினார்கள். அந்தக் காசை நான் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை, தவறு என்னுடையது என்று சொல்லி எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான அம்மா மஞ்சள் துணிச் சுருளை எடுத்துக்கொண்டுபோய் அர்ச்சுனனின் மனைவி மடியில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்காதவள் போலத் துணியைக் கிழிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

காரை ரோட்டோரம் நிறுத்தியிருந்தோம். அர்ச்சுனன் அங்கே வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

"நீங்க வருவீங்கன்னு நெனைக்கலக்கா. சீட்டு நகல் கிடைச்சா யார் பேரும் வெளிய வராம முடிச்சிடலாம்னுதான் கடைக்கு வந்தேன்."

"யார் பேரு?"

அவர் திரும்பிக் கோயில் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க கடைய விட்டு நான் உடனே கெளம்பலக்கா. மழ. எதிர்க்கடையில தே ஓ குடிச்சிட்டு நின்னேன். உங்க முதலாளி வந்து பலகையத் திருப்பினாரு. அஞ்சு எண்பத்தெட்டு. எனக்கும் கணக்கு தெரியும்கா."

"அப்பவே உள்ள வந்து கேட்டிருக்கலாமே. இவங்க கேட்டப்பயாவது சொல்லியிருக்கலாமே."

"சாப்பிடற கையோட எழுந்து வந்து கதவத் தூக்கி விட்டீங்க. அந்த ஆளப் போயி எப்படிக் காட்டிக் குடுக்கறது? சத்தியம் பண்ணியிருப்பேன். பண்ணா, அப்ப எடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும். உங்க வேலை போயிடும்லா. உங்களுக்கு அப்ப என்ன கஷ்டமோ."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு வருடமாக இந்த மனிதர், நான்தான் அந்தக் காசை எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டே என் பெயரைச் சொல்லாமல், பெண்டாட்டியைப் பட்டினி போட்டு, தூணோரம் நின்றிருக்கிறார்.

"அர்ச்சுனன், நான் எடுக்கல" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. "இப்பத்தான சத்தியம் பண்ணேன். நீங்களே பாத்தீங்கல்ல?" உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நடுவில் சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது.

அவர் என் கையைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக என் கண்ணையும் நேராகப் பார்த்தார். ரொம்ப அன்பாகத் தலையை ஆட்டினார்.

"சரிக்கா," என்றார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."